இதயத் தசை தளர்ந்துவிட்டது என்கிறார்களா? முதலில் நாடியின் வேகத்தைப் பாருங்கள்

எக்கோ என்ற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப். 30' என்று, அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைந்துவிட்டது என்று வந்துவிட்டால், எங்கள் நீலகிரி மலையில் பல வீடுகளில் அந்த ஆளை அன்றைக்கே மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். தேயிலையை யார் பார்ப்பது, பாங்க் கடனை யார் கட்டுவது என்று பேச்சு ஆரம்பமாகிவிடும். அந்தப் பேச்சுக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இதயம் தளர்ந்ததால் வேகமாகத் துடிக்கிறதா, இல்லை வேகமாகத் துடித்துத் துடித்தே தளர்ந்துபோனதா? இரண்டாவது என்றால், வேகத்தை அடக்கினால் தசை பெரும்பாலும் தேறிவிடும். இதயத் தசை நோய்களில் இப்படித் திரும்பி வரக்கூடியவை குறைவு. அதனால்தான் இதை யாரும் தவறவிடக் கூடாது என்று இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். என் தம்பி இலை வண்டி ஓட்டுகிறான். சிறு விவசாயிகளிடமிருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றி ஃபேக்டரியில் கொண்டு போய் இறக்குவான். அவனுக்குத்தான் இது வந்தது. எந்த மாத்திரையை எவ்வளவு போடுவது என்பது டாக்டரின் வேலை. வீட்டில் இருப்பவர்கள் என்ன பார்க்க வேண்டும், எதைக் குறித்து வைக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

வேகம் தசையை என்ன செய்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும் வளர்ந்த ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு இயல்பு. 75 என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் சுமார் 0.3 வினாடி இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது, மீதி 0.5 வினாடி தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது. துடிப்பு 150 ஆனால் மொத்தமே 0.4 வினாடிதான். சுருங்கும் நேரத்தை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. ஆகவே வெட்டு பெரும்பாலும் ஓய்வு நேரத்தின்மேல்தான் விழுகிறது. அது பாதிக்கும் கீழே போய்விடும்.

இந்த ஓய்வு நேரத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, அறை நிரம்புவது. நிரம்பாத அறையை எத்தனை வேகமாகப் பிழிந்தாலும் வெளியே போகும் ரத்தம் குறைவுதான். இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை. இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தை, அதிலும் இடது கீழறையின் தசைக்கு வேண்டியதை, பெரும்பாலும் ஓய்வு நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. சாப்பாட்டு மணியை அடிக்காமலே கொழுந்து பறிக்கச் சொன்னால் ஆள் எத்தனை நாள் தாங்குவார்? வேலை இரட்டிப்பு, சாப்பாடு பாதி. அதே கதைதான்.

இப்படி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போனால் தசைச் செல்லுக்குள் சக்தி இருப்பு கரைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் செல்லுக்குள் வெளிப்பட்டு, பிறகு உள்ளே இருக்கும் சேமிப்புக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்தப் போக்குவரத்து குழம்பிவிடுகிறது. தசை சரியாகச் சுருங்காது, சரியாகத் தளரவும் செய்யாது. உடம்பு இதை ரத்தம் பற்றாத நிலை என்று எடுத்துக்கொண்டு அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கூட்டுகிறது, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அறை விரிந்துகொண்டே போகிறது. அறை விரிந்தால், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாமல் ரத்தம் பின்னால் கசிகிறது. அந்த நிலையில் எக்கோ எடுத்தால் 'தசை தளர்ச்சி, வால்வு கசிவு' என்று ரிப்போர்ட் வரும். மூல காரணமான வேகம் அந்தத் தாளில் ஒரு ஓரத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

இதை மருத்துவ உலகம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1913-லேயே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை ஒழுங்கில்லாமல் துடிதுடிக்கும் கோளாறு) இருந்தவர்களிடம் இந்தத் தளர்ச்சியைக் குறித்திருக்கிறார்கள். 1962-இல் விப்பிள் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் விலங்குகளின் இதயத்தைச் செயற்கையாக வேகமாகத் துடிக்க வைத்து, அது தளர்ந்துபோவதைக் காட்டினார்கள். அந்த வகைச் சோதனைகளில் சில வாரங்களிலேயே இதயம் செயலிழக்கும். வேகத்தை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே தேறத் தொடங்கும். மாரடைப்பில் தசை செத்துத் தழும்பாகிவிடுகிறது, அது திரும்பி வராது. இங்கே தசை பெரும்பாலும் உயிரோடு களைத்துக் கிடக்கிறது.

எவ்வளவு வேகம், எவ்வளவு நாள் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான கோடு கிடையாது. மூன்று நாள் காய்ச்சலில் 120 போனால் தசை தளராது. எப்போதாவது அரை மணி நேரம் படபடவென்று அடித்து நின்றுவிடுவதாலும் பொதுவாக இது வராது. ஓய்விலும் 100, 110-க்கு மேலேயே நாள் முழுக்க, வாரக்கணக்கில் நிற்பதுதான் ஆபத்து. இதில் ஒரு கொடுமை உண்டு. படபடப்பு நன்றாகத் தெரிகிறவர் பயந்து சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார். படபடப்பே தெரியாதவருக்குத்தான் மாதக்கணக்கில் ஓடி தசை தளர்கிறது. என் தம்பிக்கு நெஞ்சில் ஒன்றுமே தெரியவில்லை. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகளில் பாதியில் நின்றான். மூட்டை தூக்கினால் மூச்சு இளைத்தது. இரவில் இரண்டு தலையணை கேட்டான். கேஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நாடியை எப்படி எண்ணுவது?

இதைக் கற்றுக்கொள்ள ஒரு கடிகாரம் போதும். ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். மேடேறி வந்திருந்தால் கால் மணி நேரம் போகட்டும். டீயும் பீடியும் முடிந்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். அவர் உள்ளங்கை மேலே பார்க்க இருக்கட்டும். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பை ஒட்டிய பள்ளத்தில் உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மெல்ல வையுங்கள். உங்கள் கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதில் உங்கள் நாடியே துடிக்கும். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது சீரான நாடிக்குச் சரி, தாறுமாறான நாடிக்குச் சரிவராது.

எண்ணும்போதே தாளத்தையும் கவனியுங்கள். சீராக, ஆனால் வேகமாக இருக்கிறதா? முன்னும் பின்னும் ஒழுங்கே இல்லாமல், ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக இருக்கிறதா? இப்படி ஒழுங்கில்லாமல் இருந்தால் பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சீராகப் போய் நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகிறதா? அது எக்டோபிக் துடிப்பாக, அதாவது வழக்கமான இடத்திலிருந்து இல்லாமல் வேறு இடத்திலிருந்து முந்திக்கொண்டு வரும் துடிப்பாக இருக்கலாம்.

தாறுமாறான நாடியில் மணிக்கட்டு ஏமாற்றும். இதயம் 140 அடிக்கும், அதில் பலவீனமான துடிப்புகள் கை வரை வந்து சேராமல் மணிக்கட்டில் 100 தான் கிடைக்கும். ஒருவர் மணிக்கட்டிலும் இன்னொருவர் இடது மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தும் ஒரே நிமிடத்தில் எண்ணினால் வித்தியாசம் தெரியும். ஸ்டெதஸ்கோப் இல்லாவிட்டால் காதை வைத்தே கேட்கலாம். மார்பில் எண்ணியதுதான் கணக்கு.

பி.பி. மெஷின் காட்டும் பல்ஸ் எண்ணையும் இப்படிப்பட்டவர்களிடம் முழுதாக நம்ப வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டருக்கு எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. மார்கழிக் காலையில் விரல் விறைத்துக் கிடக்கும்போது மாட்டினால் எண் தாறுமாறாக ஓடும். கையை வெந்நீரிலோ கம்பளிக்குள்ளோ வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். கைக்கடிகாரங்கள் உதவிக்கு நல்லவைதான், அவை சொல்வதே முடிவாகிவிடாது.

காலையில் எழுந்ததும் ஒன்று, மத்தியானம் ஒன்று, அசந்து தூங்கும்போது ஒன்று என்று மூன்று நேரமும் எண்ணி எழுதி வையுங்கள். தூக்கத்தில் எண்ணுவது முக்கியம். பயத்தாலோ வேலையாலோ கூடிய நாடி தூங்கினால் இறங்கிவிடும். நோய்த் தாளம் பல சமயம் இறங்காது. தம்பி மனைவி ஃபேக்டரி கொடுத்த இலைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்: 150, 148, 150, 149. உட்கார்ந்தாலும் நடந்தாலும் தூங்கினாலும் அதே எண்தான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆரோக்கியமான நாடி ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்காது.

அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏட்ரியல் ஃப்ளட்டர் என்ற கோளாறில் மேலறை நிமிடத்துக்குச் சுமார் 300 தடவை சுற்றிச் சுற்றி அடிக்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்துடிப்பைக் கடத்தும் ஏ.வி. முடிச்சு அத்தனையையும் கீழே விடாது. பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று விடும். அதனால்தான் 150. ஓய்வில் 150-ஐ ஒட்டி அசையாமல் நிற்கும் நாடியை ஃப்ளட்டர் இல்லை என்று நிரூபிக்கும் வரை ஃப்ளட்டர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

எல்லா வேகமும் இதயக் கோளாறாகிவிடாது. காய்ச்சல், வாந்திபேதி, ரத்தசோகை, தைராய்டு அதிகம் சுரப்பது, ஆஸ்துமாவுக்கு அடிக்கிற சால்பூட்டமால் பம்ப், இவையெல்லாம் நாடியைக் கூட்டும். இவற்றில் காரணத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். நாடியை மட்டும் மாத்திரையால் இறக்குவது ஆபத்து. நீலகிரி ஆதிவாசி மக்களிடம் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் சிக்கிள் செல் ரத்தக் கோளாறு இருப்பது 1952-லேயே பதிவானது. பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் ஒருவருக்கு நாடி வேகமாக இருந்தால் ஹீமோகுளோபினையும் அந்தப் பரிசோதனையையும் முதலில் கேளுங்கள். கீழ்நாட்டிலிருந்து ஊட்டிக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் சில நாள் நாடி கொஞ்சம் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு 130 அடித்தால் மலைக்காற்றைக் காரணம் சொல்லக் கூடாது.

ஆஸ்பத்திரியில் என்ன கேட்பது?

வேகம் இருக்கும்போதே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வேகம் அடங்கிய பிறகு எடுத்த தாள் சுத்தமாக இருக்கும், யாருக்கும் ஒன்றும் புரியாது. கோயம்புத்தூர் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாமல், பக்கத்தில் எங்கே இ.சி.ஜி. மெஷின் இருக்கிறதோ அங்கே அந்த நேரத்திலேயே எடுத்துவிடுங்கள். தாளை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் தாள் சில வருடத்தில் மங்கிப்போகும்.

அந்தத் தாளில் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். அடுத்தடுத்த இரண்டு உயரமான கூர்முனைகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுங்கள். நான்கு கட்டம் என்றால் 75. மூன்று என்றால் 100. இரண்டே கட்டம் என்றால் 150. கூர்முனைகள் சீராக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு.

என் தம்பியை முதலில் பார்த்த இடத்தில், 'இது பதற்றத்தில் வருகிற வேகம்தான்' என்று சொல்லி கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஃப்ளட்டர் அலைகள் மற்ற அலைகளுக்குள் ஒளிந்துகொள்வதால் இப்படி நடப்பது உண்டு. அதனால் நோட்டைக் காட்டிக் கேளுங்கள்: "டாக்டர், தூங்கும்போதும் இதே எண்தான் இருக்கு. இது சாதாரண வேகம்தானா? வேறு தாளமாக இருக்குமா?" மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் இன்னொரு தடவை தாளைப் பார்ப்பார். எங்களுக்கு அடுத்து பார்த்தவர் அதைத்தான் செய்தார்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம், சிறுநீரக அளவு பார்ப்பார்கள். எக்கோவில் ஈ.எஃப். என்பது, கீழறை ஒரு துடிப்பில் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு. 55-ம் அதற்கு மேலும் இயல்பு, 40-ம் அதற்குக் கீழும் தளர்ச்சி. நாடி 150 ஓடும்போது எடுத்த எக்கோ உள்ளதைவிடக் குறைத்துக் காட்டலாம். வேகம் அடங்கிய பிறகு எடுத்ததை வைத்தே மேற்கொண்டு யோசிக்க வேண்டும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆஞ்சியோ சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. வேகம்தான் காரணம் என்று முடிவுகட்டும் முன் மற்ற காரணங்களை விலக்க வேண்டும். முழு நிச்சயம், வேகத்தை அடக்கி தசை தேறியதைப் பார்த்த பிறகுதான் கிடைக்கும்.

எக்டோபிக் துடிப்புகள் இருந்தால் 24 மணி நேரமும் உடம்பில் மாட்டி இ.சி.ஜி. பதியும் ஹோல்டர் கருவி கேளுங்கள். ஒரு நாளைக்கு இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதில் பத்து சதவீதத்துக்கு மேல் கீழறை எக்டோபிக்காக இருந்தால் தசை தளர வாய்ப்பு உண்டு. இருபதைத் தாண்டினால் கவலை அதிகம். இவர்களுக்கு மணிக்கட்டில் நாடி மெதுவாகக்கூடத் தெரியும். அதனால் வேகம் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது.

கைக்குழந்தைகளுக்கும் இது வரும். பால் குடிக்கும்போது வியர்த்து, பாதியில் களைத்து விட்டுவிடும் குழந்தையின் துடிப்பை எண்ண முடியாத அளவு வேகமாக உணர்ந்தால், அன்றே குழந்தை டாக்டரிடம் போக வேண்டும். பெரியவர்களின் எண்கள் குழந்தைக்குப் பொருந்தாது.

சிகிச்சை நடக்கும்போது

இரண்டு வழி உண்டு. தாளத்தை அப்படியே விட்டு வேகத்தை மட்டும் குறைப்பது ஒன்று. தாளத்தையே சரிசெய்வது மற்றொன்று. மெட்டோபிரோலால், பிசோபிரோலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகள் வேகத்தைக் குறைக்கும். தளர்ந்த தசைக்கு இவற்றைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். இரண்டு நாளில் எண் இறங்கவில்லை என்று நீங்களாகக் கூட்டாதீர்கள், திடீரென்று நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெராபமில், டில்டியாஸம் இரண்டும் வேகத்தைக் குறைக்கும்தான், ஆனால் தளர்ந்த தசையை மேலும் தளர்த்தும். ஈ.எஃப். குறைந்தவர் பழைய சீட்டில் அவை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தாளத்தைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை எடுப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தைராய்டும் கல்லீரலும் பார்க்க வேண்டும். புதிதாக இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஓய்வு நாடி 110-க்குக் கீழ் இருந்தால் போதும் என்று 2010-இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வு காட்டியது. அது பொதுவான கணக்கு. தசை ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இன்னும் கீழே வர வேண்டியிருக்கலாம். 'என் இலக்கு எவ்வளவு?' என்று கேட்டு, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

மேலறை சரியாகச் சுருங்காதபோது அதில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்குத்தான் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை. ஷாக் கொடுத்துத் தாளத்தை மாற்றுவதாக இருந்தால் பொதுவாக மூன்று வாரம் முன்பும், பிறகு குறைந்தது நான்கு வாரமும் இந்த மாத்திரை தவறவே கூடாது. சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு வார்ஃபரின் என்ற பழைய மாத்திரைதான். மற்றவர்களுக்குப் புது மாத்திரைகள் இருக்கின்றன.

அப்லேஷன் என்றால் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் கொண்டு போய், கோளாறான மின்பாதையைச் சுட்டுத் துண்டிப்பது. நெஞ்சைப் பிளக்க மாட்டார்கள். வலது மேலறையில் சுற்றும் வழக்கமான ஃப்ளட்டருக்கு இது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் தருகிறது. ஃபிப்ரிலேஷனில் சிலருக்கு இரண்டாவது தடவை செய்ய வேண்டி வரும். என் தம்பிக்குக் கோயம்புத்தூரில் செய்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று மலையிறங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையும் பலிக்காமல் அப்லேஷனும் நிலைக்காதவர்களுக்கு, இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்து ஏ.வி. முடிச்சையே துண்டிக்கும் வழியும் இருக்கிறது.

ஈ.எஃப். குறைவு என்பதற்காக உடனே ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. கருவி வைக்கலாம் என்று பேச்சு வந்தால், 'வேகத்தை அடக்கி மூன்று மாதம் மாத்திரை எடுத்த பிறகு மறுபடி எக்கோ பார்த்து முடிவு செய்யலாமா?' என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான கீழறைத் தாளம் ஏற்கெனவே வந்தவர்களின் நிலை வேறு. மற்றவர்களில் பலருக்கு அதற்குள் ஈ.எஃப். ஏறியிருக்கும், கருவி தேவைப்படாது.

வீட்டில் உப்பைக் குறையுங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காது. அதுதான் காலில் வீக்கமாக வந்து நிற்கிறது. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். டாக்டரைக் கூப்பிடுங்கள். குடிப்பவர்களுக்கு ஒரே ராத்திரிக் குடியே ஃபிப்ரிலேஷனைத் திரும்பக் கொண்டுவரும். இதில் 'அளவாக' என்ற பேரம் எனக்குப் பிடிக்காது. தசை தேறும் வரை ஒரு சொட்டும் வேண்டாம்.

மாத்திரை எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். 2009 நவம்பரில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் ரோடு எப்போது அடையும் என்று சொல்ல முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பி.பி., சுகர் பார்க்கும்போதே நாடியையும் முழு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள்.

உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரங்கள்: வேகத்தோடு நெஞ்சு வலி, மயங்கி விழுதல், உட்கார்ந்தபடியே மூச்சு முட்டுதல், நுரையாகச் சளி, குளிர்ந்த வியர்வையோடு குழப்பமாகப் பேசுதல், முகம் கோணுதல், ஒரு கை கால் விழுதல். மலையில் வண்டி வந்து சேரவே நேரமாகும், அதனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எஸ்.வி.டி. (மேலறைப் பக்கத்திலிருந்து திடீரென்று வரும் வேகத் தாளம்) என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லி, செய்யலாம் என்று அனுமதியும் கொடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு முறை உண்டு. சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாயை வைத்து, உள்தண்டு நகரும் அளவுக்கு 15 வினாடி ஊத வேண்டும். முடிந்ததும் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து, இன்னொருவர் இரண்டு கால்களையும் 45 டிகிரிக்கு 15 வினாடி தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் தாளம் சரியானது. கால் தூக்காமல் செய்தவர்களில் 17 சதவீதம்தான். ஃபிப்ரிலேஷனுக்கும் ஃப்ளட்டருக்கும் இது மருந்தாகாது. கழுத்து ரத்தக்குழாயை வீட்டில் யாரும் அமுக்கக் கூடாது.

தேறிய பிறகு

என் தம்பிக்கு அப்லேஷனுக்கு முன் ஈ.எஃப். 30. அடுத்து எடுத்த எக்கோவில் 42. ஆறு மாதத்துக்குள் 55. வால்வுக் கசிவும் பெயருக்குத்தான் மிச்சம். மூன்று முதல் ஆறு மாதம் என்பது பலருக்கும் பொருந்தும் காலம். சிலருக்கு ஒரு வருடம் ஆகும், சிலருக்கு முழுதாக ஏறாது. வேகம் எத்தனை மாதம் கவனிக்கப்படாமல் ஓடியது, அதற்கு முன்பே தசையில் வேறு கோளாறு இருந்ததா என்பதைப் பொறுத்தது.

55 வந்ததும் "இனி எதுக்குக்கா மாத்திரை?" என்று கேட்டான். எண் இயல்புக்கு வந்தாலும் தசை உள்ளுக்குள் முழுதாகப் பழையபடி ஆகிவிடுவதில்லை. அறை கொஞ்சம் விரிந்தே இருக்கலாம், நுண்ணிய தழும்புகள் இருக்கலாம். வேகம் மறுபடி வந்தால் முதல் தடவையைவிட இரண்டாவது தடவை சீக்கிரமே தளர்ந்துவிடலாம். அதனால் எந்த மாத்திரையையும் டாக்டர் குறைத்தால்தான் குறைக்க வேண்டும். நாடி எண்ணுவதை நிறுத்தவே கூடாது. இப்போது அவன் வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணுகிறான். ஓய்வில் 100-ஐத் தாண்டினால், கால் மணி கழித்து மறுபடி எண்ணி, அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே இ.சி.ஜி. இரவில் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறவர்களும், தைராய்டு உள்ளவர்களும் அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தாளம் நிலைக்கும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஒரு தடவையாவது கண் இருட்டியிருந்தால் கொண்டை ஊசி வளைவுள்ள ரோட்டில் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மறு எக்கோவும் ஹோல்டரும் பார்த்து, ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு வண்டி எடுங்கள். அந்தக் கடிதத்தின் நகலையும், வேகம் இருந்தபோது எடுத்த இ.சி.ஜி., தேறிய பிறகு எடுத்த இ.சி.ஜி. இரண்டின் நகலையும், மாத்திரைப் பட்டியலையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு லைசென்ஸோடு வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும் முதலில் அதை எடுத்துக் கொடுங்கள்.